டார்வின் கடிதங்கள் போன்ற பதிப்புத் திட்டங்களில் வேலை: என்ன செய்ய வேண்டும், எப்படி நுழைவது

கேள்வி: விலங்கியலில் முதுகலை முடித்திருக்கிறேன், வரலாற்றிலும் ஆர்வம் உண்டு. பழைய விஞ்ஞானிகளின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் ஆய்வுத் திட்டங்களில் வேலை இருப்பதாகப் பார்த்தேன். அங்கே அன்றாடம் என்ன வேலை? என்னைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

வாய்ப்பு உண்டு. ஆனால் வேலையின் இயல்பு பலரும் நினைப்பதிலிருந்து வேறானது. பெரிய விஞ்ஞானியின் சிந்தனையை விளக்கி எழுதுவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். முதல் வேலை, ஒவ்வொரு தாளையும் எடுத்து யார் எழுதியது, யாருக்கு, எங்கிருந்து, எந்த நாளில், அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஆதாரத்தோடு நிலைநாட்டுவது. தாளில் கண்ணால் கண்டது எது, நாமாக ஊகித்தது எது என்பதை வாசகர் பிரித்துப் பார்க்கும்படி எழுத வேண்டும். இந்த ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்பதைத்தான் ஆள் எடுப்பவர்களும் பார்க்கிறார்கள்.

சார்லஸ் டார்வினின் கடிதங்களையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் பதிப்புகளில் முழுமையாக முடிந்த பெரிய பதிப்பு அது. 1974-இல் அமெரிக்க அறிஞர் ஃபிரெடரிக் பர்க்ஹார்ட், கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் சிட்னி ஸ்மித்தின் துணையோடு தொடங்கினார். முதல் தொகுதி 1985-இல் வந்தது. டார்வின் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள், ஏறத்தாழ 2,000 பேரோடு நடந்த தொடர்பு. இணையத்தில் முழுத் தொகுப்பும் 2022-இல் நிறைவடைந்தது. அச்சில் 30-வது தொகுதி 2023-இல் வந்தது. வகுத்துப் பாருங்கள்: 48 ஆண்டுகளில் 15,000 என்றால், ஒரு குழு முழுவதும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 300 கடிதம். இவ்வளவு மெதுவாகப் போவதற்குக் காரணம் வேலையின் ஒவ்வொரு படியிலும் இருக்கிறது.

முதல் படி, கடிதம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. டார்வினுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதியவையோ பெற்றவர்களின் வீடுகளுக்குப் போய், அங்கிருந்து நூலகங்கள், ஏல நிறுவனங்கள், தனியார் சேகரிப்புகள் என்று சிதறியவை. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள அமெரிக்கத் தத்துவச் சங்கத்திடம் ஒரு பெரிய தொகுப்பு உண்டு. சில கடிதங்களுக்கு ஏலப் பட்டியலில் அச்சான இரண்டு வரிதான் மிச்சம். அந்த இரண்டு வரியும் பதிப்பில் இடம்பெறும், மூலம் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு. வந்த கடிதங்களிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. டார்வின் கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார். கம்பிகள் நிறைந்ததும் பல ஆண்டுக் கடிதங்களை எரித்துவிட்டுக் கம்பியைத் திரும்பப் பயன்படுத்துவார். 1862-க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின என்று அவர் மகன் ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார். தப்பியவற்றையும் டார்வின் முழுதாக விட்டுவைக்கவில்லை. பயன்படும் பகுதியைக் கத்தரித்து, பொருள்வாரியான உறைகளில் போட்டுவைத்தார். ஆகவே ஒரே கடிதத்தின் முதல் பக்கம் ஒரு பெட்டியிலும் கடைசிப் பக்கம் வேறு பெட்டியிலும் கிடக்கும். தாளின் நிறம், மடிப்பு, வெட்டிய விளிம்பு, மையின் தன்மை எல்லாம் பார்த்துத்தான் துண்டுகளைச் சேர்க்க முடியும்.

அடுத்தது படியெடுப்பு, அதாவது கையெழுத்தைப் படித்து அப்படியே எழுதியெடுப்பது. இங்கே விதி ஒன்றுதான்: திருத்தாதே. டார்வின் இளமையில் பீகிள் கப்பலில் பயணம் செய்த காலத்தில் சில சொற்களைத் தவறாக எழுதினார், பிறகு சரியாக எழுதத் தொடங்கினார். ‘அக்கேஷன்’ என்ற சொல்லில் ஒரு எஸ் கூடுதலாகப் போடுவார், ‘கோரல்’ என்பதில் ‘எல்’ என்ற எழுத்தை ஒன்று கூட்டுவார். இந்தப் பழக்கம் எப்போது மாறியது என்பதை வைத்தே தேதியில்லாத பீகிள் பயணக் குறிப்புகளுக்கு வரலாற்றாசிரியர்கள் காலம் குறித்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு எழுத்துப்பிழை திருத்தும் ஒருவர் அந்தச் சாட்சியத்தையே அழித்துவிடுகிறார்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களும் ஏறத்தாழ ஒன்றேதான். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீளமாக எழுதும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் பலரிடம் இருந்தது. அது எஃப் போலவோ பி போலவோ கண்ணுக்குப் படும். ‘வுட்’, ‘ஷுட்’, ‘குட்’ போன்ற சொற்களை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி, கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதுவார்கள். 1840-க்கு முன் அஞ்சல் கட்டணம் தாள் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது என்பதால், எழுதி முடித்த பக்கத்தைக் கால் வட்டம் திருப்பி, அதன்மேலேயே குறுக்காக எழுதும் வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட பக்கத்தை ஒரு திசை வரிகளை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறு திசைக்குத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் வரிகள் கலந்துவிடும்.

ஆசிரியர் குழு சேர்ப்பது சதுர அடைப்புக்குள் வரும். கிழிந்துபோன இடத்துச் சொற்களுக்குக் கோண அடைப்பு. அடித்ததும் இடைச்செருகியதும் தனிக் குறிப்பாகப் போகும். வந்த கடிதத்தின் ஓரத்தில் டார்வின் பென்சிலால் போட்ட கோடுகளும் குறிப்புகளும் கடிதத்தின் பாடத்தில் கலக்காமல் தனியாகப் பதிவாகும்; கடிதம் எழுதியவரின் சொல்லும் படித்தவரின் சொல்லும் கலந்துவிடக் கூடாது. படியெடுத்ததை மூலத்தோடு ஒப்பிட இருவர் உட்காருவது பழைய, நம்பகமான முறை: ஒருவர் நிறுத்தக்குறி முதற்கொண்டு வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் மூலத்தில் கண்ணை வைத்திருப்பார். தான் எழுதியதைத் தானே சரிபார்த்தால், எதிர்பார்த்த சொல்தான் கண்ணில் படும்.

இப்போது டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு கையெழுத்துக்கு அதைப் பழக்க 5,000 முதல் 15,000 சொல் வரை சரியாகப் படியெடுத்த பாடம் கொடுக்க வேண்டும். டார்வின் கையெழுத்துக்கு அது தாராளமாகக் கிடைக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு கடிதம் எழுதிய ஒரு தோட்டக்காரரின் கையெழுத்துக்கு எங்கே போவது? மேலும் மென்பொருள் தவறு செய்யும்போது அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல்லாகவே தவறு செய்கிறது. கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. முதல் வரைவுக்கு நல்ல கருவி. சரிபார்ப்பு வேலை அதனால் குறைவதில்லை.

இனி தேதி. என் பார்வையில் இந்தத் தொழிலின் உயிர்நாடியே இதுதான்.

டார்வின் பெரும்பாலும் ஆண்டு எழுதமாட்டார். ‘வியாழன்’ என்று மட்டும் இருக்கும், அல்லது ‘18’ என்று மட்டும் இருக்கும். இனங்கள் மாறாதவை அல்ல என்று தாவரவியலாளர் நண்பர் ஹூக்கரிடம் முதன்முதலாகச் சொல்லி, இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது என்று எழுதினாரே, அந்தப் புகழ்பெற்ற கடிதத்துக்கே 1844 ஜனவரி 11 என்ற தேதி முழுவதும் சதுர அடைப்புக்குள்தான் இருக்கிறது.

தேதி காண என்னென்ன உதவும்? தாளின் தலைப்பில் அச்சிட்ட முகவரி ஒன்று: டார்வின் 1842 முதல் இறுதிவரை இருந்தது அன்று கென்ட்டில் இருந்த டவுன் ஹவுஸ் என்ற வீட்டில்தான் என்றாலும், அஞ்சல் ஊர் முதலில் பிராம்லி என்றும் 1860-களின் இறுதியிலிருந்து பெக்கன்ஹாம் என்றும் மாறுகிறது. கறுப்புக் கரையிட்ட தாள் என்றால் வீட்டில் துக்கம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் கடிதம் அதற்கு முந்தையது அல்ல என்று மட்டும் சொல்லலாம், அந்த ஆண்டே எழுதியது என்று சொல்ல முடியாது. உறை தப்பியிருந்தால் அஞ்சல் முத்திரை கிடைக்கும். ஆனால் அந்த உறை இந்தக் கடிதத்தோடு வந்ததுதானா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும், சேகரிப்பாளர்கள் மாற்றி வைத்திருப்பார்கள். பயணமும் உடல்நலமும் பற்றிய செய்திகளை டார்வினின் நாட்குறிப்போடும் அவர் மனைவி எம்மாவின் டைரியோடும் ஒத்துப்பார்ப்பது அன்றாட வேலை. கிழமையும் தேதியும் சேர்ந்து கிடைத்தால் நாட்காட்டிக் கணக்கு கைகொடுக்கும்: ‘ஜூன் 18, வெள்ளி’ என்று இருந்தால் 1850-களிலும் 60-களிலும் 1852, 1858, 1869 ஆகிய மூன்று ஆண்டுகள்தான் பொருந்தும். மீதியைக் கடிதத்தின் உள்ளடக்கம் தீர்க்க வேண்டும்.

ஒரு தேதி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு அந்தப் ‘18’ எனும் எண்ணே சாட்சி. இன்றைய இந்தோனேசியாவின் டெர்னேட் தீவிலிருந்து இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அனுப்பிய கட்டுரை இன்று வந்துசேர்ந்தது, உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார் என்று டார்வின் நிலவியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதிய கடிதம் அது. டார்வின் இன்னும் வெளியிடாத இயற்கைத் தேர்வுக் கருத்தையே வாலஸும் அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார். தலைப்பில் இருப்பது ‘18’ மட்டும். மாதமும் ஆண்டும் ஆசிரியர்கள் சேர்த்தவை: 1858 ஜூன். வாலஸின் கடிதமும் அந்தக் கையெழுத்துப் படியும் கிடைக்கவில்லை, உறையும் இல்லை. ஜூன் என்பதற்கு ஆதாரம் என்ன? ஜூன் 25, 26 தேதிகளில் லயலுக்கு எழுதிய தொடர்ச்சிக் கடிதங்கள், ஜூலை 1 அன்று லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவர் எழுத்தும் வாசிக்கப்பட்டது, ஜூன் 14-இல் புறா பற்றி எழுதத் தொடங்கி வேலை தடைப்பட்டதாக டார்வினின் நாட்குறிப்பு.

ஆனால் வாலஸ் அதே காலத்தில் டெர்னேட்டிலிருந்து எழுதிய வேறொரு கடிதம் ஜூன் 3-ஆம் தேதியே இங்கிலாந்து வந்துவிட்டது. அதன் முத்திரை சொல்கிறது. அப்படியானால் டார்வின் கட்டுரையை முன்பே பெற்று, சில வாரம் மறைத்து வைத்திருந்தாரா? இந்தக் குற்றச்சாட்டு பல பத்தாண்டுகள் ஓடியது. மே 18 என்று வாதிட்டவர்களும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு டச்சு அஞ்சல் கப்பல்களின் கால அட்டவணையைத் தேடி எடுத்தது. டார்வினின் முந்தைய கடிதம் மார்ச் 9-இல் வந்த கப்பலில்தான் டெர்னேட்டை அடைந்தது; வாலஸ் எழுதியது அதற்குப் பதில்; ஆகவே அதே கப்பலில் திரும்பப் போயிருக்க முடியாது, ஏப்ரல் கப்பலில்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஜாவா, சிங்கப்பூர், இலங்கையின் காலி, சூயஸ் வழியாக லண்டன் வந்து டார்வின் கைக்குச் சேரும் நாள் ஜூன் 18 என்று பொருந்துகிறது. ஒருவர் நேர்மையானவரா என்ற கேள்விக்குக் கப்பல் அட்டவணை பதில் சொல்கிறது. அதனால்தான் பதிப்பில் எந்தத் தேதி போட்டாலும், ஏன் அந்தத் தேதி என்ற காரணத்தை அடிக்குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். காரணம் எழுதாத தேதியை அடுத்தவர் சோதிக்கவே முடியாது.

இதையொட்டி ஒரு நடைமுறைச் செய்தி. தேதி மாறக்கூடும் என்பதால் கடிதத்தின் அடையாள எண் தேதியிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். டார்வின் கடிதங்களுக்கு 1985-இல் வந்த பட்டியலிலேயே எண் கொடுத்துவிட்டார்கள். லயல் கடிதம் 2285. பிறகு தேதி திருத்தப்பட்டாலும் எண் மாறாது. புதிதாகக் கிடைத்த கடிதம் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். சிறிய தொகுப்பைத் தொடங்குபவர்கள் கோப்பின் பெயரிலேயே தேதியை வைத்து, பத்துத் தேதி மாறியதும் திண்டாடுவது வழக்கமாக நடக்கிறது.

அடிக்குறிப்பு எழுதுவதில்தான் உங்கள் விலங்கியல் படிப்பு பயன்படும். கடிதத்தில் வரும் ஆள், நூல், செடி, விலங்கு, ஊர் எல்லாவற்றையும் அடையாளம் காட்ட வேண்டும். ‘உங்கள் தம்பி அனுப்பிய பூச்சி’ என்றால் எந்தத் தம்பி, எந்தப் பூச்சி? விக்டோரியக் காலத்து அறிவியல் பெயர்களில் பல இன்று மாறிவிட்டன. பழைய பெயரையும் இன்றைய பெயரையும் இணைத்துச் சொல்ல வகைப்பாட்டியல் தெரிந்தவர் வேண்டும். கல்கத்தாவில் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத், இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய த்வெயிட்ஸ் போன்றவர்கள் டார்வினோடு கடிதம் எழுதியவர்கள். அவர்கள் கடிதங்களில் வரும் ஊர்ப்பெயர், உள்ளூர் விலங்குப் பெயர், அலுவலகப் பதவிப் பெயர் ஆகியவற்றை இந்தியாவிலோ இலங்கையிலோ வளர்ந்தவர் எளிதில் இனங்காணுவார். இதை விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதலாம், உண்மையான தகுதி அது.

இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் டி.இ.ஐ. என்ற தரத்தில், அதாவது உரையின் பகுதிகளைக் கணினிக்காகக் குறியிடும் பொது விதிமுறையில், எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு வடிவக் கோப்பாகச் செய்யப்படுகின்றன. அனுப்பியவர், பெற்றவர், இடம், நாள் ஆகியவற்றைக் கணினிக்குப் புரியும்படி குறிக்கத் தனிப் பகுதி 2015-இல் அந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டது. நாள் உறுதியில்லை என்றால் ‘இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை’ என்று இரு எல்லைகளாகக் குறிக்கலாம். ஒரு மாதம் பொறுமையாக உட்கார்ந்தால் கற்றுக்கொண்டுவிடலாம். இது தெரியாததால் மட்டும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பலர் மறக்கும் ஒன்று காப்புரிமை. கடிதத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் அதன் உரிமையாளர். ஆனால் அதிலுள்ள சொற்களின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. பிரிட்டிஷ் சட்டப்படி, 1969-க்கு முன் இறந்த ஒருவரின் எழுத்து 1989 ஆகஸ்ட் வரை வெளியாகாமல் இருந்திருந்தால் அதன் காப்புரிமை 2039 முடிவு வரை நீடிக்கும். 1882-இல் இறந்த டார்வினின் கடிதத்துக்கும் இது பொருந்தும். அவருக்கு எழுதிய 2,000 பேரின் வாரிசுகளைத் தேடி அனுமதி கேட்பதும், தேடிக் கிடைக்காவிட்டால் தேடியதற்கான பதிவை வைத்திருப்பதும் யாரோ ஒருவர் செய்யும் சம்பள வேலைதான்.

சரி, வேலை எங்கே? டார்வின் பதிப்பு முடிந்துவிட்டது, அதில் பதிப்பாசிரியர் பணியை எதிர்பார்க்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டைன் ஆவணத் திட்டம் நடக்கிறது. அங்கே இயற்பியலும் ஜெர்மனும் வேண்டும். ஜெர்மன் அகாதமிகள் நீண்ட காலத் திட்டங்களுக்குப் பெயர்போனவை: தத்துவவாதியும் கணிதவியலாளருமான லைப்னிட்ஸின் பதிப்பில் முதல் தொகுதி 1923-இல் வந்தது, இன்னும் நடக்கிறது, பெர்லினில் இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டின் பயண எழுத்துகளுக்கான திட்டம் 2015-இல் தொடங்கியது. ஜெர்மனிக்குப் போக நினைத்தால் மொழி மட்டும் போதாது, குரெண்ட் என்ற பழைய கையெழுத்து முறையையும் படிக்கப் பழக வேண்டும். இந்தியாவில் கடிதப் பதிப்புத் திட்டங்கள் அரிது, ஆனால் அறிவியல் ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன: பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் காப்பகம் 2019-இல் தொடங்கியது, மும்பையில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் காப்பகம், சென்னை மற்றும் கொடைக்கானல் வானாய்வகப் பதிவேடுகளைக் காக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். இந்தக் காப்பகங்களில் ஓராண்டு பட்டியலிடும் வேலை செய்தவருக்கு வெளிநாட்டு விண்ணப்பத்தில் தனி மதிப்பு உண்டு. பெட்டியைத் திறந்து வரிசை குலையாமல் கையாளத் தெரிந்தவர் என்று பொருள்.

பதவிகளில் ஆய்வு உதவியாளருக்கு முதுகலை போதும். இணை ஆய்வாளர், ஆசிரியர் பதவிகளுக்கு அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலானவை நிதி வரும் வரைதான், ஓராண்டு முதல் மூன்றாண்டு ஒப்பந்தம். பகுதிநேரப் பணி என்றால் விசாவுக்கான சம்பள வரம்பு எட்டாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். நிரந்தரம் வேண்டுமென்றால் நூலக, ஆவணக் காப்பகப் படிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கடிதப் பதிப்பை மட்டும் நம்பி இருபது ஆண்டுத் திட்டம் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தயாராவதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் மின்னூலகத்தில் டார்வின் கையெழுத்துப் படங்கள் கிடைக்கின்றன, திட்டத்தின் இணையதளத்தில் படியெடுத்த பாடம் இருக்கிறது. பாடத்தைப் பார்க்காமல் படத்திலிருந்து ஒரு கடிதத்தை நீங்களே படியெடுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பிழைகளை வகை பிரித்து எழுதுங்கள்: சொல் தவறியதா, நிறுத்தக்குறியா, அடித்த சொல்லை விட்டதா. உங்கள் பிழைகள் எந்த வகையில் குவிகின்றன என்று ஐந்தாறு கடிதத்துக்குள் தெரிந்துவிடும். அடுத்து அடைப்புக்குள் தேதியிட்ட ஒரு கடிதத்தை எடுத்து, தேதியை மறைத்துவிட்டு நீங்களே கண்டுபிடித்து, காரணத்தை நான்கு வரியில் எழுதி, ஆசிரியர்களின் அடிக்குறிப்போடு ஒப்பிடுங்கள். ஸ்மித்சோனியன் போன்ற நிறுவனங்கள் தன்னார்வப் படியெடுப்புக்கும் இடம் தருகின்றன. பிறர் உங்கள் படியைத் திருத்தும் அனுபவம் அங்கே கிடைக்கும்.

விண்ணப்பத்தோடு டார்வின் மீதான உங்கள் ஈடுபாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பாதீர்கள். அச்சில் வராத ஒரு கடிதத்தை, உங்கள் ஊர்க் கல்லூரி அல்லது காப்பகத்தில் இருப்பதாக இருந்தாலும் சரி, அனுமதி பெற்று, படியெடுத்து, தேதி நிறுவி, ஆறேழு அடிக்குறிப்போடு இணையுங்கள். நேர்காணலில் கையெழுத்துப் படம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது உண்டு. புரியாத சொல் வந்தால் பொருத்தமாக ஏதாவது சொல்லி நிரப்பாமல், ‘இந்தச் சொல் எனக்குப் படிக்க முடியவில்லை, முதல் எழுத்து டி அல்லது எல், நடுவில் ஒரு எழுத்து அடிக்கப்பட்டிருக்கிறது’ என்று கண்டதை அப்படியே சொல்லுங்கள்.